காரியம் முடிந்த பிறகு அனுப்புகிறோம்

நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் ஆபீசில் எனக்கு வேலை. கொட்டேஷன் அடிப்பது, மெயிலுக்குப் பதில் போடுவது, வண்டி எப்போது முடியும் என்று கேட்கும் ஓனர்களிடம் கூசாமல் பொய் சொல்வது, மூன்றும் என் பொறுப்பு. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் குப்பை மெயில்களைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. எனக்குச் சொத்தை விட்டுவிட்டுச் செத்தவர்கள் இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் என்று எனக்கே கணக்கு இல்லை. விமான விபத்தில் போன எண்ணெய் வியாபாரி, புற்றுநோயில் படுத்திருக்கும் விதவைச் சீமாட்டி, பெட்டி பெட்டியாக டாலரைப் பதுக்கிய ராணுவத் தளபதி என்று உலகத்துப் பணக்காரன் ஒவ்வொருவனும் சாகிற நேரத்தில் என்னைத்தான் நினைத்துக்கொள்கிறான். ஆரம்பத்தில் பட்டறை ஆட்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டிச் சிரித்ததுண்டு. பிறகு அதுவும் அலுத்துவிட்டது.

அப்படிப்பட்ட ஒரு மெயிலை நம்பி, என் அக்காவுக்கு என்னையே வெள்ளைச் சேலை எடுத்து வரச் சொல்வார்கள் என்று நான் நினைத்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. அக்கா வீட்டுக்காரரின் தம்பி. எங்களுக்குள் அவரைச் சின்னவர் என்றுதான் சொல்வோம். நாமகிரிப்பேட்டைப் பக்கம் காட்டில் குச்சிக்கிழங்கும் மஞ்சளும் போட்டுக்கொண்டு, அதே வீட்டு வளவில் அக்காவையும் வைத்துப் பார்த்துக்கொள்கிற மனிதர். நல்லவர்தான். அந்த நல்ல குணம்தான் என் உயிரை வாங்கியது.

"மச்சான், வர்ற பொதங்கெழமை அண்ணனுக்குக் காரியம் வச்சிருக்குதுங்க. அண்ணிக்குக் கோடி நீங்கதான் எடுத்தாரோணும். செவ்வாக்கெழமையே வந்துருங்க."

கோடி என்றால் கணவன் இறந்த பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டிலிருந்து போகும் புதுச்சேலை. அதை உடன்பிறந்தவன் கொண்டுபோய்ப் போட வேண்டும். எங்கள் வீட்டில் ஆண் நான் ஒருவன்தான்.  மாமா போய்விட்டாரா, எங்கே, எப்போது, யார் சொன்னார்கள் என்று ஒரே மூச்சில் கேட்டேன்.

"மெயில் வந்துச்சுங்க மச்சான்" என்றார் சின்னவர்.

கேட்டவுடன் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி கோபமாக வந்தது. என்ன மெயில் என்று கேட்டேன். அண்ணன் எழுபது எண்பது கோடி சம்பாதித்து ஒரு பேங்கில் போட்டு வைத்திருந்தாராம், வாரிசு இல்லாமல் கிடக்கிறதாம், அங்கத்திய வக்கீல் ஒருவர் நம்மைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாராம். போனிலேயே கத்தினேன். வெல்டிங் சத்தத்தில் அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். கேட்ட பாதிக்கும் அவர் "நேர்ல வாங்க மச்சான், காட்டறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாமாவைப் பற்றிச் சொல்லாமல் இதை மேலே சொல்ல முடியாது. அவர் திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் ரிக்கில் ட்ரில்லராக இருந்தவர். போர் போடும் வண்டிக்கு எங்கள் பக்கம் ரிக் என்றுதான் பேர். ஆந்திரா, ஒரிசா, ராஜஸ்தான் என்று வருஷத்தில் பத்து மாதம் வண்டியோடே கிடப்பார். அக்காவுக்கும் அவருக்கும் குழந்தை இல்லை. சேலத்தில் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. ஒரு டாக்டரம்மா இன்னொரு சிகிச்சை செய்து பார்க்கலாம், கொஞ்சம் செலவாகும் என்றார். அந்தச் செலவுக்காகத்தான், ரிக் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போனபோது மாமாவும் கூடப் போனார். இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் போன் பேசினார். பிறகு வேறொரு பார்ட்டியின் வண்டிக்கு மாறுவதாகவும் வேறு நாட்டுக்குப் போவதாகவும் சொன்னார். கடைசியாகப் பேசியபோது, சிம் மாற்றப் போகிறேன், புது நம்பரிலிருந்து கூப்பிடுகிறேன் என்றாராம். அதோடு சரி. பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. பழைய முதலாளியிடம் போய் நின்றோம். அவர் எங்கிட்டயிருந்து போனவனுக்கு நான் எப்படிங்க பொறுப்பு என்றார். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம், தூதரகத்துக்கு எழுதினோம், டில்லியிலிருந்து பதில் வந்தது, அந்தப் பதிலில் எங்கள் கடிதம் கிடைத்தது என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அக்கா தாலியோடும் பொட்டோடும் ராசிபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியின் மெஸ்ஸில் சமையலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஆயிரம் பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றுகிறாள்.

அன்றே அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஆபீஸ் மெயிலில் கிடந்த குப்பையில் நாலைந்தை அச்செடுத்துக்கொண்டு, பைக்கை எடுத்தேன். ராசிபுரம் தாண்டும்வரை சின்னவரை மனசுக்குள் வைதுகொண்டே போனேன். சேலை எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனால் வாசலில் சாமியானாக்காரர் அளந்துகொண்டிருக்கிறார். எத்தனை பேர் வருவார்கள் என்று சின்னவர் அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பங்காளிகள் பாதிப் பேருக்குச் சொல்லியாகிவிட்டது. உடம்பு இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணலாம் என்று ஐயரிடமும் கேட்டாகிவிட்டது. அக்கா மெஸ்ஸிலிருந்து வந்து அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்த்து "வா சாமி, காப்பி வெக்கறேன்" என்றாள்.  முகம் வாடித்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் இன்னும் ஏறியது.

சின்னவர் போனை நீட்டினார். மெயில் இங்கிலீஷில் இருந்தது. அவர் அதை மொழிபெயர்க்கும் ஆப்பில் போட்டுத் தமிழில் படித்திருக்கிறார். அந்தத் தமிழ் தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி ஒரு இழவும் புரியாமல் இருந்தது. புரியாததாலேயே அவருக்கு அது அரசாங்க சமாச்சாரமாகப் பட்டிருக்கிறது. தாம் ஒரு பாரிஸ்டர் என்றும், தம்முடைய கட்சிக்காரரான இன்ஜினீயர் ஒருவர் எண்ணெய்க் கம்பெனியில் ஒப்பந்தக்காரராக இருந்தவர் என்றும், நெடுஞ்சாலை விபத்தில் மனைவி மற்றும் ஒரே குழந்தையுடன் இறந்துவிட்டார் என்றும், அவருடைய குடும்பப் பெயரே தங்களுக்கும் இருப்பதால் தங்களை வாரிசாகக் காட்ட விரும்புகிறேன் என்றும் எழுதியிருந்தான். குடும்பப் பெயர் என்று போட்டிருந்த இடத்தில் இருந்தது மாமாவுக்கும் சின்னவருக்கும் அப்பாவான மனிதரின் பெயர்.

"எங்கப்பன் பேரு அவனுக்கு எப்படிங்க தெரியும்? அண்ணன் பாஸ்போர்ட்டுல சர்நேம்னு போட்டிருந்த எடத்துல இந்தப் பேருதானுங்க இருந்துச்சு. நான் கண்ணால பாத்தது" என்றார் சின்னவர்.

இதற்கு நான் தலையில் அடித்துக்கொண்டேன். சொட்டுநீர் மானியத்துக்கு விண்ணப்பிக்க மெயில் முகவரி வேண்டும் என்று அவர் வந்தபோது, நான்தான் பட்டறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைத் திறந்து கொடுத்தேன். அவர் பெயர், ஒரு புள்ளி, அவர் அப்பா பெயர். அவ்வளவுதான் அந்த முகவரியே. வெள்ளைக்காரன் வழக்கப்படி பின்னால் இருப்பது குடும்பப் பெயர் என்று எண்ணி எவனோ எடுத்துப் போட்டிருக்கிறான். நமக்கு ஏது குடும்பப் பெயர், இது உங்கப்பா பேர், உங்க முகவரியிலேயே இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறான் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"செரிங்க. ஆனா நம்ம அண்ணன் ஆப்பிரிக்கால இருந்தது அவனுக்கு எப்படிங்க தெரியும்?"

"அவனுக்குத் தெரியாது மாப்ள. எல்லாருக்கும் ஆப்பிரிக்கான்னுதான் எழுதுவான். நம்ம ஊட்டு ஆளு நெசமாவே அங்க இருந்தது நம்ம தலையெழுத்து. மாமா போனது அந்தக் கண்டத்துக்குக் கெழக்கு ஓரம். இவன் சொல்றது மேக்கு ஓரம். நடுவுல எத்தனை நாடு இருக்குதுன்னு தெரியுமா?"

"ரிக்கு எங்க வேணா போவுமுங்க."

"இவன் எண்ணெய்க் கம்பெனிங்கறான்."

"எண்ணெய்க்கும் பூமியைத் தொளைக்கோணுமல்லங்க. தண்ணிக்குத் தொளைக்கறவனுக்கு எண்ணெய்க்குத் தொளைக்கத் தெரியாதுங்களா?"

நான் எதைப் பொய்க்கு அடையாளம் என்று காட்டினாலும் அது அவர் கையில் மெய்க்கு அடையாளமாக மாறியது. பாரிஸ்டர் என்கிறவன் இலவச மெயில் முகவரியில் எழுதுவானா என்றேன். நம்மகூட அதுலதானுங்க எழுதறோம் என்றார். யாருக்கும் சொல்லாதே, ரகசியமாக வை என்று எழுதியிருக்கிறானே, நேர்மையானவன் அப்படி எழுதுவானா என்றேன். எழுபது கோடி வர்றதை நீங்க நாலு பேருத்துகிட்டச் சொல்லுவீங்களா என்று திருப்பிக் கேட்டார். அவசரப்படுத்துகிறானே என்றேன். நம்ம தாசில்தார் ஆபீஸ்லயும் கடைசித் தேதின்னு ஒண்ணு போடறாங்களல்ல என்றார். அனுப்பினவன் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறான் என்பதற்கே அத்தாட்சி இல்லை, பக்கத்துத் தெருவில்கூட உட்கார்ந்திருக்கலாம் என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு முக்கியமான சந்தேகம் வந்தது. காசு ஏதாவது அனுப்பினீர்களா என்று கேட்டேன். பத்திரச் செலவுக்கு நாற்பத்தெட்டாயிரம் கேட்டிருக்கிறான். மஞ்சள் விற்ற காசு வீட்டில் இருக்கிறது. அனுப்பவில்லை.

"ஏன் அனுப்பலை?"

"காரியம் முடிக்காம செத்தவங்க காசுல எப்படிங்க கை வெக்கறது? அதான் அவருக்கும் எழுதிட்டேனுங்க. காரியம் முடிஞ்ச பொறகு அனுப்பறோம்னு."

போனைப் பிடுங்கி அவர் அனுப்பிய மெயில்களை வரிசையாகப் படித்தேன். ஆப் வைத்துத் தமிழை இங்கிலீஷாக்கி அனுப்பியிருக்கிறார். ஐயா, எங்கள் அண்ணனிடமிருந்து இன்ன வருஷம் இன்ன மாதத்தோடு பேச்சு நின்றுவிட்டது, அவர் இறந்த திதியும் நட்சத்திரமும் தெரிய வேண்டும், தயவுசெய்து தெரிவிக்கவும் என்று ஒன்று. அதற்கு அந்தப் பாரிஸ்டர் ரொம்பத் திணறியிருக்க வேண்டும், மூன்று நாள் பதிலே இல்லை. பிறகு ஒரு தேதியும் காலை பத்தரை மணி என்று நேரமும் எழுதி அனுப்பியிருக்கிறான். சின்னவர் பழைய பஞ்சாங்கம் தேடிப் பார்த்து, அன்றைக்கு அமாவாசை என்று கண்டுபிடித்து, நல்ல சாவுதான் என்று ஆறுதல் அடைந்திருக்கிறார். உடம்பை எரித்தார்களா புதைத்தார்களா, தலைமாட்டில் விளக்கு வைத்தார்களா என்று அடுத்த மெயில். அவன் உங்கள் மரபுகளை மதிக்கிறேன், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் பேங்க் கையகப்படுத்திவிடும் என்று எழுதியிருக்கிறான். அதற்கு இவர், அவசரப்படக் கூடாது, புதன்கிழமை காரியம், முடிந்தால் நீங்களும் வரவும், சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்று எழுதியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. உலகத்தில் எத்தனையோ பேரை ஏமாற்றியவன் இப்படி ஒரு ஆளிடம் மாட்டியிருக்க மாட்டான். பேராசைக்காரனாக இருந்திருந்தால் சின்னவர் முதல் நாளே பணத்தை அனுப்பிவிட்டு, போன பிறகு வாயிலடித்துக்கொண்டிருப்பார். அவர் முறைப்படி நடக்கிறவர் என்பதால் காசு தப்பித்தது. அதே முறைப்படி நடக்கிற புத்திதான் என் அக்காவை வாசலில் உட்கார வைத்து, பொட்டை அழித்து, தாலியைக் கழற்றத் தேதி குறித்திருந்தது.

"அக்காவுக்கு இந்த மெயில்ல இருக்கறது எல்லாம் தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி, குழந்தை என்று வந்த வரியை அவர் மறைக்கத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் அந்த ஆப்பில் கை தவறி எங்கோ பட்டு, அது சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டதாம். மனைவி மற்றும் ஒரே குழந்தையுடன் என்று ஒரு பெண் குரல் வீடு முழுக்கக் கேட்கப் படித்திருக்கிறது. அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டாள். அண்ணன் அங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டுதான் பேச்சை நிறுத்தியிருக்கிறார் என்று சின்னவருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அண்ணி அன்றைக்கும் மறுநாளும் சாப்பிடவில்லை என்றார்.

 பிள்ளை இல்லை என்று ஊரெல்லாம் பேசக் கேட்டவள் என் அக்கா. அவளிடம் போய், உன் புருஷனுக்கு வேறொருத்தியிடம் பிள்ளை பிறந்தது என்று முகம் தெரியாத ஒரு திருட்டுப் பயல் சொல்லியிருக்கிறான். அதையும் ஒரு மெஷின் சத்தம் போட்டுப் படித்திருக்கிறது. அந்தப் பாரிஸ்டர் கையில் கிடைத்தால் அந்த இடத்திலேயே கழுத்தை நெரித்திருப்பேன். கிடைக்காததால் சின்னவர் மேல் விழுந்தேன். காரியத்துக்கு நாள் குறிக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன, படித்தவன் ஒருத்தன் குடும்பத்தில் எதற்கு இருக்கிறேன், நாளைக்கு மாமா வந்து வாசலில் நின்றால் எந்த முகத்தோடு பார்ப்பீர்கள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். சாமியானாக்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

கொண்டுவந்த அச்சுத் தாள்களைக் கட்டிலில் பரப்பினேன். பாருங்கள், அதே விபத்து, அதே மனைவி, அதே ஒரே குழந்தை, இதோ ஒரு வெள்ளைக்காரன் பெயர், இதோ ஒரு சீனாக்காரன் பெயர், எல்லாம் எனக்கு வந்தவை என்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதெல்லாம் பொய்யின்னே வெச்சுக்குங்க மச்சான். அதுக்காக நம்முளுதும் பொய்யா இருக்கோணுமுங்களா?"

இனிப் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. என் போனை எடுத்தேன். பட்டறை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு நாங்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். என் பெயருக்குப் பின்னால் அந்த நாயின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு அதே பாரிஸ்டருக்கு ஒரு மெயில் எழுதினேன். ஐயா, எங்கள் குடும்பத்து ஆள் ஒருவரும் உங்கள் நாட்டில் காணாமல் போய்விட்டார், ஏதாவது தகவல் உண்டா என்று அவ்வளவுதான் கேட்டேன். சின்னவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நான் எழுதியது என்ன என்று தமிழில் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினேன்.

பதில் வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த மாதிரி வேலையில் இவர்கள் காட்டும் சுறுசுறுப்பை எங்கள் பட்டறை பெயின்டர் காட்டினால் நான் ஏன் ஓனர்களிடம் பொய் சொல்லப் போகிறேன். அதை நான் படிக்கவில்லை. சின்னவரின் போனுக்கே அனுப்பி, அவருடைய ஆப்பிலேயே போட்டு, அவரையே படிக்கச் சொன்னேன். ஆழ்ந்த துயரத்துடன் தெரிவிப்பது என்னவென்றால், தங்கள் உறவினரான இன்ஜினீயர், இந்த இடத்தில் நாயின் பெயர், எண்ணெய்க் கம்பெனி ஒப்பந்தக்காரர், நெடுஞ்சாலை விபத்தில் மனைவி மற்றும் ஒரே குழந்தையுடன் இறந்துவிட்டார். அதே பேங்க். டாலர் கணக்கில்கூட ஒரு பைசா வித்தியாசம் இல்லை.

சின்னவர் அதை இரண்டு தடவை படித்தார். அந்த நாய்க்கு அவரே பல தடவை பிஸ்கட் போட்டிருக்கிறார்.  பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்படிக்கூடவா இருப்பாங்க மச்சான்" என்றார். எனக்கு அவரை இன்னும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. அண்ணன் செத்துவிட்டான் என்று அவர் உண்மையாகவே அழுது முடித்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் எழுந்து போய் சாமியானாக்காரரிடம் வேண்டாம் என்று சொன்னார். பங்காளிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். அவர் போனில் அந்தப் பாரிஸ்டரின் மெயில்கள் எல்லாவற்றையும் அழித்தேன். குப்பைக்குள் போய் அங்கேயும் அழித்தேன். அந்த முகவரியை பிளாக் செய்தேன். என் போனிலும் அதே மாதிரி செய்தேன். ஒரு வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தம் செய்த திருப்தி எனக்கு. தப்பு, ஒரு பதிவுக்காகவாவது, போலீசில் காட்டவாவது வைத்திருக்க வேண்டும் என்று அப்புறம் தோன்றியது. அந்த நேரத்தில் ஆத்திரம்தான் இருந்தது.

அடுப்படிக்குப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் நானும் உட்கார்ந்தேன். நல்ல செய்தி கொண்டுவந்தவன் மாதிரி இருந்தது எனக்கு.

"அக்கா, எல்லாம் பொய். மாமா செத்துட்டாங்கன்னு அவன் சொன்னதும் பொய். அங்க ஒருத்தி இருந்தான்னதும் பொய், புள்ளையும் பொய். நீ எதையும் மனசுல வெச்சுக்காத."

"தெரியும் சாமி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பொய்யின்னுதான். உங்க மாமா செத்ததா அவன் ஒரு தேதி எழுதுனானல்ல, கொழுந்தனாரு பஞ்சாங்கம் பாக்கறப்ப சொன்னாங்க. அந்தத் தேதிக்குப் பொறகு மூணு ஞாயித்துக்கெழமை எங்கிட்டப் பேசியிருக்காங்க. கடைசியாப் பேசுன நாளு எனக்குத் தெரியாதா?"

 அரை நாள் லீவு போட்டு, நாற்பது கிலோமீட்டர் வெயிலில் வந்து, தொண்டை வறளக் கத்தி, நாயைச் சாகடித்து நான் நிரூபித்ததை இவள் முன்பே தெரிந்து வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சின்னவர் அப்போதே நிறுத்தியிருப்பார்.

"அப்பறம் ஏக்கா வாயைத் தொறக்கலை? எங்கையால உனக்கு வெள்ளைச் சேலை போடற வரைக்கும் பாத்துட்டு உக்காந்திருப்பியா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

அவள் கோபப்படவில்லை. உரித்த வெங்காயத்தை முறத்தில் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அந்தப் போனு படிச்சப்ப மொதல்ல வயிறு எரிஞ்சுதுடா. சோறு எறங்கலை. மூணா நாளு வேலைக்குப் போற வழியில யோசிச்சுப் பாத்தேன். இத்தனை வருசமா நான் நெனச்சதெல்லாம், அவங்க எங்கியோ ஒரு காட்டுல, பாஷை தெரியாத எடத்துல, காச்சல்ல தனியாக் கெடக்கற மாதிரித்தான். தண்ணி மொண்டு குடுக்க ஒரு ஆளில்லாம. வேற மாதிரி நெனைக்க எனக்கு வரவே இல்லை. இவன் சொன்னதுலதான் அவங்க கூட ஆளிருந்துச்சு. அவங்க ஆசைப்பட்ட மாதிரி ஒரு புள்ளையும் இருந்துச்சு. நீங்கெல்லாம் காரியம்னு கூடி உக்காந்தா அது நெசமாப் போயிரும்னு நெனச்சேன்."

"அது பொய்க்கா" என்றேன். எனக்கே என் குரல் எரிச்சலாகத்தான் கேட்டது.

"பொய்தான். நானென்ன இல்லைங்கறனா? நெசம் தெரிஞ்சவன் எவன் வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னான்?"

 நான் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை, இப்போது கேட்டாலும் அதையேதான் செய்வேன். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முறத்திலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து நானும் உரித்தேன்.

நான் மூன்றாவதை உரிக்கும்போது அக்கா கேட்டாள். "அந்தப் புள்ளை பையனா, பொண்ணா? அதுல ஏதாச்சும் போட்டிருந்தானா? போனு வேகமாப் படிச்சுப் போச்சு, எனக்கு வெளங்கலை. எடுத்துப் பாத்துச் சொல்லு சாமி."

நான் அந்த வரியை அவ்வளவு கவனித்துப் படிக்கவில்லை. இரண்டு போனிலும் அழித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது.